மாமா மாட்டிய கம்பி

என் மாமனார் பாலங்கள் கட்டிய அரசு இன்ஜினீயர். ஓய்வு பெற்ற பிறகு, தல்லாகுளத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் படுக்கையறையிலிருந்து அடுப்படி வரைக்கும் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பியை மாட்டினார். எனக்கு எரிச்சலாக வந்தது.

"இது வீடா, ஆஸ்பத்திரியா மாமா?" என்று வருகிறவர்கள் முன்னாலேயே கேட்பேன்.

"இருந்துட்டுப் போகட்டும்மா" என்று சிரிப்பார்.

அவர் இறந்து வருஷம் திரும்பியதும் வீட்டுக்கு பெயிண்ட் அடித்தோம். அத்தை பரவையில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்த நேரம். முதல் வேலையாக அந்தக் கம்பியைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டேன்.

அத்தை திரும்பி வந்த மறுநாள் காலை, நடைவழியில் நின்று சுவரைத் தடவிக்கொண்டிருந்தார்.

"என்னத்தத் தேடுறீங்க அத்தை?"

"கம்பியத்தாம்மா. கண்ணு மங்கி நாலு வருஷமாச்சு. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு உங்க மாமாகிட்ட சத்தியம் வாங்கியிருந்தேன்."

கம்பி மாட்டிய நாளிலிருந்து சாகும் வரைக்கும் என் வாய்க்கு அவர் சிரிப்பை மட்டும்தான் பதிலாகத் தந்திருக்கிறார்.

அன்றே புதுக் கம்பி வாங்கினேன். "எம்புட்டு உயரத்துலக்கா மாட்டணும்?" என்று கொத்தனார் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அத்தையின் கையைப் பிடித்துச் சுவரில் வைத்தேன். மாமாவும் இப்படித்தான் அளவெடுத்திருப்பார்.