இவர் எந்தக் கழகத்துக்குப் போவார்

அந்த வருடம் பனி கரைய நேரமெடுத்தது. ஹவுகன்ஸ்டுவாவில் எங்கள் அடுக்குமாடிக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவில் குவித்து விட்டிருந்த பனிமேடு, சித்திரை பிறந்த பிறகும் சாம்பல் நிறத்தில் கிடந்து, பகலில் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஒழுகிக்கொண்டிருந்தது. ஒஸ்லோவில் கிரிக்கெட் ஆடுகிற எங்கள் ஆட்களுக்கு அது இரண்டும்கெட்டான் காலம். மண்டபங்களுக்குள் நடக்கிற மாரிக் குளிர்காலப் பயிற்சி முடிந்துவிடும். வெளியிலோ புல் கண்ணில் படாது. அந்த வாரங்களில் கதைதான் அவர்களுக்கு விளையாட்டு. அந்த வருடம் கதை முழுக்க என் கணவரைப் பற்றியே இருந்தது.

இவருக்கு அப்போது நாற்பதைத் தாண்டிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. வார நாட்களில் சுரங்க ரயில் ஓட்டுவார். கோடையில் சனி, ஞாயிறு வந்தால் வேகப்பந்து வீசுவார். இவர் ஓடிவரத் தொடங்கினால் எல்லைக்கோட்டில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் கையைச் சோற்றிலேயே வைத்துக்கொண்டு பார்ப்பார்களாம். இதெல்லாம் மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சனிக்கிழமை பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளி, ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கோவில் சமையல். வெள்ளைக் காற்சட்டையில் ஏறிய புல் கறையைத் தேய்த்துக் கழுவுவதோடு என் கிரிக்கெட் முடிந்துவிடும்.

ஆனால் முன்பு, நாட்டின் வடக்கே பாட்ஸ்பியோர்டில், இவர் ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். அங்கே மீன் தொழிற்சாலையில் இருவரும் வேலை செய்தோம். அப்போது இவர் எனக்கு யாரோ. கோடையில் சூரியன் இறங்குவதே இல்லாத ஊர். வேலை விட்டதும் எங்கள் பெடியள் துறைமுகத்துக்குப் பக்கத்திலிருந்த சரளைக்கல் நிலத்தில் விளையாடுவார்கள். மேல்மாடியில் உடை மாற்றும் அறையின் யன்னலடியில், தலையில் போட்ட வலையைக்கூடக் கழற்றாமல் நின்று பார்ப்பேன். படகுகள் கட்டியிருந்த பக்கத்திலிருந்து ஒருவர் ஓடிவருவார். அவருக்கு முன்னால் அவருடைய நிழல் ஓடிவரும். பந்து கடலுக்குள் போய்விட்டால் நோர்வே மீனவர் ஒருவர் நீண்ட தடியால் அதைக் கிட்ட இழுத்து எடுத்து எறிவார். பெயர் தெரிவதற்கு முன்பே எனக்கு அந்த ஓட்டம் தெரிந்திருந்தது.

அந்தச் சரளை நிலத்தில் விக்கெட்டுக்குப் பின்னால் நின்று பந்து பிடித்தவர்தான் பிறகு ஒஸ்லோவில் எங்கள் கிரிக்கெட் கழகத்தைத் தொடங்கினார். பாட்ஸ்பியோர்டில் இவரோடு ஒரே அறையில் இருந்தவர். என்றைக்கும் அவர்தான் தலைவர், இவர்தான் முதல் பந்து. அந்த மாரியில் நடந்த கூட்டத்துக்குப் பிறகு அவர் இவரைத் தனியே கூப்பிட்டு, இந்த முறை இரண்டாம் அணியில் ஆடும்படி சொல்லியிருக்கிறார். இவரும் ஓம் என்று தலையாட்டி, தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டார். வீட்டில் ஒரு சொல் சொல்லவில்லை. கோவில் மடைப்பள்ளியில் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருக்கும்போது வேறொரு பெண் சொல்லித்தான் நான் அறிந்தேன்.

தலைவர் சொன்னது நியாயம்தான். இவருடைய வலது தோள் போய்விட்டிருந்தது. காலையில் இடது கையால் தலை வாருவார். மேல் தட்டிலிருக்கிற கோப்பையை எடுக்க என்னைக் கூப்பிடுவார், ஏதோ எனக்கு வேலை தருகிறவர் மாதிரி. மூட்டு தேய்ந்துவிட்டது, இனி அது வளராது என்று டொக்டர் சொல்லியிருந்தார். இவர் நிறுத்திவிட்டால் நல்லது என்றுதான் நானும் நினைத்தேன்.

ஆனால் ஊர் வேறு மாதிரி நினைத்தது. இவர் இரண்டாம் அணியில் நிற்கமாட்டார், வேறு கழகத்துக்குப் போவார் என்று முடிவுகட்டிவிட்டார்கள். எந்தக் கழகம் என்பதுதான் கேள்வி. தமிழ்க் கடையில் முருங்கைக்காய் பொறுக்கும்போது கேட்டார்கள். நான் வேலை செய்த பார்னஹாகவில், அதுதான் பாலர் பள்ளியில், காலையில் பிள்ளையை விட வந்த ஒரு தகப்பன் பிள்ளையின் கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார். எனக்குத் தெரியாது என்றால் யாரும் நம்பவில்லை. மத்தியானத்தில் குழந்தைகள் வெளியே தள்ளுவண்டிகளில் கம்பளிக்குள் புதைந்து தூங்குவார்கள். காவலுக்கு நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டுகிற சத்தமும் குழந்தைகளின் மூச்சும் மட்டும் கேட்கும். அந்த நேரத்தில் இவர் ஒவ்வொரு கழகத்தின் சட்டையிலும் என் முன்னால் வந்து நின்றுவிட்டுப் போவார். ஒன்றும் அளவாக இருக்காது.

லோறென்ஸ்கூக்கில் எங்கள் ஆட்கள் வீடு வாங்கிக் குடியேறத் தொடங்கிய பிறகு அங்கே புதிதாக ஒரு கழகம் முளைத்திருந்தது. அதை நடத்துகிறவர் ஒரு நாள் மனைவியோடு வந்தார். இவரைவிட இளையவர், நல்ல மரியாதை தெரிந்தவர். தங்கள் கழகத்துக்கு வந்தால் இரண்டாம் அணி என்ற கதைக்கே இடமில்லை என்றார். போகும்போது வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கடைசியாக ஒன்று சொன்னார்.

"முதல் மாட்சே உங்கடை பழைய கழகத்தோடைதான், அண்ணை. முதல் ஓவர் நீங்கள்தான் போடுறியள்."

இவர் வெறும் தேநீர்க் கோப்பையைப் பிடித்திருந்த கையை நான் பார்த்தேன். இரண்டு விரல் மேலே, பெருவிரல் கீழே. பந்தைப் பிடிப்பதுபோலப் பிடித்திருந்தார்.

அதற்கடுத்த ஞாயிறு வெயில் எறித்தது. இருவருமாக றொம்மன் பக்கம் நடந்தோம். அங்கே ஒரு திடலில் பேஸ்போல் ஆடுகிறவர்கள் அந்த வருடத்தில் முதன்முதலாக வெளியே வந்திருந்தார்கள். ஓரங்களில் இன்னும் பனி கிடந்தது. நடுவில் ஒரு மண்மேட்டில் நரைத்த தாடிக்காரர் ஒருவர் நின்று, காலைத் தூக்கி, உடம்பை ஒரு கதவு திறப்பதுபோலத் திருப்பி, பந்தை எறிந்துகொண்டிருந்தார். பந்து மறுமுனையில் தோல் கையுறைக்குள் விழுந்த சத்தம் அடுக்குமாடிகளில் பட்டுத் திரும்பி வந்தது. இவர் கம்பிவலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். வெயில் முகத்தில் பட எனக்குக் கண் சொக்கியது. எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது.

ஓய்வெடுக்க வந்த தாடிக்காரர் எங்களைப் பார்த்துக் கதை கொடுத்தார். அவருடைய நோர்வேஜிய மொழியும் எங்களுடையதுபோலவே கரடுமுரடாக இருந்ததால் சுலபமாக விளங்கியது. கரிபியன் கடலில் ஒரு தீவு அவருக்கு. அங்கே பந்தெறிவதுதான் அவருடைய தொழிலாக இருந்திருக்கிறது. மதில்களில் அவர் முகத்தைப் படமாகக் கீறி வைத்திருந்தார்களாம். வயது ஏறியதும், அடுத்ததாக எந்தக் கழகத்தில் சேரப்போகிறார் என்று வானொலியில் தினமும் கதைத்தார்களாம். முடிவெட்டுகிறவர் ஒரு கழகம் சொல்லுவார், மாமியார் இன்னொன்று சொல்லுவார். கடைசியில் நோர்வேக்காரி ஒருத்தியைக் கட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டார். கூட விளையாடுகிற மாணவர்கள் அவரை, நன்றாகப் பந்தெறிகிற ஒரு தச்சுவேலைக்காரர் என்று மட்டும்தான் நினைத்திருக்கிறார்கள். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் குறை எதுவும் தெரியவில்லை.

பிறகு இவர் கையில் ஒரு பந்தைக் கொடுத்து எறியச் சொன்னார். முழங்கையை மடக்கலாம் என்றதும் இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாழ்நாள் முழுக்க மடக்காமல் வைத்திருந்த கை அது. எறிந்த பந்து பிடிக்க நின்றவரின் தலைக்கு மேலே போய்ப் பின் வேலியில் பட்டது. இரண்டு பேரும் தோளைத் தடவிக்கொண்டு சிரித்தார்கள்.

திரும்பி நடக்கும்போது இவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"அந்தாளை இஞ்சை ஒருத்தருக்கும் தெரியாதாம்."

சில நாள் கழித்து, வேலை முடிந்து, பயிற்சி மண்டபத்திலேயே விட்டிருந்த மட்டையை எடுத்துக்கொண்டு வந்தவர், தோளிலிருந்த பையை இறக்காமலே சமையலறை வாசலில் நின்றார். முகத்தில் ஒரு சிரிப்பு. ரயில் மேடையில் தமிழ்நாட்டுப் பெடியன் ஒருவன் இவருடைய பையில் துருத்திக்கொண்டிருந்த மட்டையைப் பார்த்துவிட்டுக் கிட்ட வந்தானாம்.

"என்னட்டை என்ன கேட்டவன் தெரியுமோ? சார், நீங்க பௌலிங்கா, பேட்டிங்கா எண்டு கேட்டவன்."

ஒஸ்லோவுக்கு வந்த நாளிலிருந்து தமிழில் யாரும் இவரிடம் அதைக் கேட்டதில்லை.

அந்தப் பெடியன் சனிக்கிழமை இன்னொருவரோடு மைசூர்பாகுப் பெட்டியுடன் வந்தான். இருவரும் கம்ப்யூட்டர் கம்பெனியில் ஒப்பந்த வேலைக்கு வந்தவர்கள். நாங்கள் கதைப்பதை அவர்கள் கூர்ந்து கேட்டார்கள். அவர்கள் பேசுவதை நாங்கள் கூர்ந்து கேட்டோம். நான் "இருங்கோ, தேத்தண்ணி போடுறன்" என்றதும் ஒருவன் மற்றவனைப் பார்த்தான். தேத்தண்ணி என்றால் டீதான் என்று நான் சொன்னேன். தங்கள் கழகத்தில் பதினொரு பேர் சேர்வதே பெரும்பாடு, சில வேளை பார்க்க வந்தவர்களையும் இறக்கிவிடுவோம் என்றார்கள்.

"போன வருஷம் ஒரு மேட்ச்கூட நாங்க ஜெயிக்கல சார். அதனால உங்களுக்கு டென்ஷனே இருக்காது."

இவருக்கு வயதாகிவிட்டது, தோள் சரியில்லை என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

"எங்க விக்கெட் கீப்பருக்கு ஐம்பது தாண்டிடுச்சு அக்கா" என்றான் அவன், ஒரு பெரிய வசதியைச் சொல்வதுபோல.

அவர்கள் போன பிறகு மிஞ்சிய மைசூர்பாகைச் சாப்பிட்டபடி இவர் பல்கனியில் நின்றார். கீழே பனிமேடு ஒரு பாய் அளவுக்குச் சுருங்கியிருந்தது. நானும் போய்ப் பக்கத்தில் நின்று, அந்த மாதத்தில் முதல்முறையாக அதைக் கேட்டேன்.

"எங்கை போகப்போறியள்?"

"எங்கை போனால் நீர் வந்து பாப்பீர்?"

நான் இதை எதிர்பார்க்கவில்லை. இத்தனை வருடமும் நான் வரவில்லை என்று இவர் ஒருநாளும் சொன்னதில்லை. வர விரும்பினேனா என்று நானும் என்னைக் கேட்டதில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"ஆரும் என்னட்டை வந்து உங்களைப் பற்றிக் கேக்காத இடமெண்டால் வருவன்."

இவர் நீண்ட நேரம் யோசிக்கவில்லை. அடுத்த நாளே அந்தப் பெடியனுக்குப் போன் எடுத்தார்.

செய்தி பரவியதும் லோறென்ஸ்கூக்காரர் வருத்தத்தோடு அழைத்து, பதினொரு பேர் இல்லாத இடத்துக்கா போகிறீர்கள் என்று கேட்டுவிட்டு வைத்தார். பழைய தலைவர் நேரில் வந்தார். மேலங்கியைக் கழற்றாமல் கதிரை நுனியில் உட்கார்ந்தார்.

"நீ லோறென்ஸ்கூக்குக்குப் போயிருந்தாலும் எனக்கு விளங்கியிருக்கும், மச்சான். இது விளங்கேல்லை."

இவர் தன் கதிரையை அவருக்குக் கிட்ட இழுத்துப் போட்டார்.

"அங்கை போனால் உனக்கு எதிராப் போடோணும். உன்ரை இரண்டாம் டீமிலை நிண்டால் உனக்காகப் போடோணும். எனக்கு இனிச் சும்மா போடோணும் போலை கிடக்கு. அவ்வளவுதான்."

தலைவர் எழுந்து மேலங்கியைக் கழற்றி மாட்டினார். நான் பிட்டு அவித்தேன். சாப்பிட்டு முடியும்வரை இருவரும் பாட்ஸ்பியோர்டில் ஒரு குளிரில் உடைந்துபோன மட்டையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனி மாதத்தில் முதல் ஆட்டத்துக்கு நான் போனேன். நகரத்தின் தெற்கே, பியோர்ட் என்கிற கடல்நீர் வாய்க்குச் சற்று மேலே, மரங்கள் சூழ்ந்த திடல். காற்றில் வெட்டிய புல்லின் மணம். என்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இவர் யார் என்று தெரியாததால் இவருக்கு முதல் ஓவரும் கொடுக்கவில்லை; எல்லைக்கோட்டில் எனக்குக் கிட்ட நிறுத்திவிட்டார்கள். இடையிடையே திரும்பி என்னைப் பார்ப்பார். பிறகு யாரோ "சார், ஒரு ஓவர் போடறீங்களா?" என்று கூப்பிட்டார்கள்.

எனக்குத் தெரிந்த அந்த ஓட்டத்துக்காக நான் காத்திருந்தேன். அது வரவில்லை. நாலைந்து எட்டு நடந்து, கையைத் தாழ்வாகச் சுற்றி, மெதுவாக ஒரு பந்து போட்டார். எதிரணியில் மட்டை பிடித்த பாகிஸ்தான் பெடியன் அதை மரங்களுக்கு மேலால் அடித்தான். எல்லோரும் இடுப்பளவு வளர்ந்த வெள்ளைப் பூச்செடிகளுக்குள் இறங்கிப் பந்து தேடினார்கள். பூக்களுக்கு மேலே தலைகள் மட்டும் மிதந்து திரிந்தன. பந்து கிடைத்து, அடுத்ததும் அதே மாதிரி மெதுவாகப் போனது. காற்றில் எங்கேயோ நின்று யோசித்துவிட்டு இறங்கியதுபோல எனக்குப் பட்டது. அவன் மட்டையைச் சுழற்றி முடித்த பிறகுதான் அது வந்து சேர்ந்து விக்கெட்டைத் தட்டியது.

அது என்ன பந்து என்று பெடியள் சுற்றி நின்று கேட்டார்கள். தனக்கும் தெரியாது என்றார் இவர். உண்மையாகவே தெரியாது என்று முகத்திலேயே தெரிந்தது. அன்றைக்கு அவர்கள் நன்றாகத் தோற்றார்கள். பஸ்ஸில் வரும்போது இவர் என்மேல் சாய்ந்து, வாய் திறந்தபடி தூங்கினார்.

அந்தக் கோடையும் அடுத்த கோடையும் இவர் அங்கேதான் ஆடினார். சில ஆட்டங்களில் வெல்லவும் செய்தார்கள். தோள் நன்றாகவில்லை, மோசமாகவும் இல்லை. பிறகு ஒப்பந்தங்கள் முடிந்து, ஒருவர் ஸ்டொக்ஹோமுக்கும் ஒருவர் சென்னைக்குமாக அந்தப் பிள்ளைகள் கலைந்து போனார்கள். இவரும் நிறுத்திக்கொண்டார். அறிவிக்கவும் இல்லை, யாரும் மாலை போடவும் இல்லை.

கடைசி ஆட்டம் புரட்டாதியில் ஒரு ஞாயிறு. கடைசி என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. மத்தியானத்துக்குப் பிறகு பியோர்ட்டிலிருந்து மூடுபனி ஏறி வந்தது. முதலில் தண்ணீர் மறைந்தது, பிறகு மரங்கள், பிறகு தூரத்தில் நின்ற ஆட்கள். வெள்ளை உடுப்புகளோடு ஒவ்வொருவராக அதற்குள் கரைந்தார்கள். பந்து கண்ணில் படவில்லை என்று நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். ஆனால் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. ஈரப் புல்லில் விரிப்பைப் போட்டு, புளியோதரையும் என்னுடைய கட்லெட்டுகளும் கைமாறின. பக்கத்தில் இருப்பவரைத் தவிர யாருடைய முகமும் தெரியாமல் இரண்டு தமிழும் கலந்து கேட்டன. அந்த வாரம்தான் ஒஸ்லோவுக்கு வந்து சேர்ந்த ஒருவர், இதற்கு முன் எங்கேயாவது ஆடியிருக்கிறீர்களா என்று இவரிடம் கேட்டார்.

"கொஞ்சம் ஆடியிருக்கிறன்" என்று மூடுபனிக்குள்ளிருந்து இவருடைய குரல் வந்தது. பிறகு ஊறுகாய்ப் போத்தல் யாரிடம் இருக்கிறது என்று கேட்டார்.