குறுக்குச்சந்தும் உயர்கணிதமும்

என் தம்பி இருபது வருஷத்துக்கு மேல் ஆம்புலன்ஸ் ஓட்டினான். ஐம்பதை நெருங்கும்போது முதுகு போய்விட்டது. முதுகெலும்பில் வட்டு பிதுங்கியிருக்கிறது, இந்த வருஷக் கடைசியோடு ஓட்டுவதை நிறுத்து என்று டாக்டர் சொன்னார்.

படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்வதற்கென்றே பயிற்சி எடுத்து, அந்த வேலையிலேயே நரைத்தவள் நான். பிதுங்கிய வட்டு யாருடைய வீம்புக்கும் பயப்படாது என்று எனக்குத் தெரியும்.

"ஸ்டியரிங்கை விடு," என்றேன். "இல்லேன்னா கடைசியில உன்னைப் புரட்டிப் படுக்க வைக்க நான்தான் வரணும்."

"உன் கையில மாட்டறதுக்குப் பதிலா நாளைக்கே விட்டுடறேன்கா."

ஆம்புலன்ஸ் நிலையத்தில் அவனுக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று ஸ்டோர். ஆக்சிஜன் சிலிண்டரும் பேண்டேஜும் கையுறையும் எடுத்துக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். இன்னொன்று கண்ட்ரோல் ரூம். வருகிற போனை எடுத்து, எந்த வண்டி எங்கே, எந்த வழியில் போகவேண்டும் என்று சொல்லும் வேலை. இரண்டுக்கும் உயர்நிலைப் பள்ளித் தேர்ச்சி வேண்டும். கண்ட்ரோல் ரூமுக்கு அதில் உயர்கணிதமும் இருக்கவேண்டும். போன் எடுக்க உயர்கணிதம் எதற்கு என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது. விதி விதிதான்.

தம்பி பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். மாலைப் பள்ளியில் சேர்ந்தான். அங்கே உயர்கணிதத்தில் கோட்டைவிட்டால் மொத்தப் பரீட்சையும் போச்சு. ஸ்டோரும் இல்லை, கண்ட்ரோல் ரூமும் இல்லை, வீடுதான். அதற்குப் பதிலாகப் பொதுக்கணிதம் எடுக்கலாம். அது எளிது, ஸ்டோர் வேலை நிச்சயம். மாற்றிக்கொள்ள அரைப்பரீட்சை முடிந்த வாரம் வெள்ளிக்கிழமை வரை நேரம் உண்டு.

அவன் மனசு முழுக்கக் கண்ட்ரோல் ரூமில்தான் இருந்தது. வண்டியே ஓட்டாத ஆட்கள் அங்கே உட்கார்ந்துகொண்டு, சந்தை நடக்கும் தெருவுக்குள் வண்டியைத் திருப்பச் சொல்வார்கள். பின்னால் உயிருக்குப் போராடும் ஆளை வைத்துக்கொண்டு காய்கறிக் கூடைகளுக்கு நடுவே அவன் எத்தனையோ முறை மாட்டியிருக்கிறான். "அந்த நாற்காலியில ஊர் தெரிஞ்சவன் உட்காரணும்கா," என்பான். அதைச் சொல்லும்போது மட்டும் விளையாட்டுப் பேச்சு இருக்காது.

ஊர் அவனுக்குத் தெரியும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. நிலையத்தில் அவனுக்குக் குறுக்குச்சந்து என்றே பெயர். முன்னால் நெரிசல் என்றால் நிற்கவே மாட்டான். வலதில் ஒரு சந்து, அதன் முனையில் ஒரு பள்ளி மதில், அதை ஒட்டி ஒரு வழி என்று எங்காவது நுழைந்து வெளியே வந்துவிடுவான். வண்டி நின்றால் பாவம் என்பது அவர்கள் தொழிலின் வேதம்.

அரைப்பரீட்சையில் உயர்கணிதத்தில் வாங்கிய மார்க்கை அவன் வாயால் சொல்லவில்லை. அவன் மனைவி சொன்னாள். அவள் தையல்காரி, வாய்க்கும் சேர்த்துக் கத்தரிக்கோல் வைத்திருப்பவள்.

"அண்ணி, உங்க தம்பி வாங்கின மார்க்குல ஒரு ஜாக்கெட்டுக்குப் பட்டன் வைக்கக்கூடக் காணாது."

"வாத்தியார் என்னடா சொன்னார்?"

"உங்க தாள் பூரா தலைதான் இருக்கு, உடம்பே இல்லைன்னார்," என்றான் தம்பி. "எல்லாக் கணக்கையும் ஆரம்பிச்சிருக்கேனாம். ஒண்ணையும் முடிக்கலையாம். பேசாமப் பொதுக்கணிதத்துக்கு மாறிடுங்கன்னார்."

"மாறிடு," என்றேன்.

"நீயுமாக்கா?"

"ஸ்டோர்ல உட்கார்ந்தா முதுகுக்கு நல்லது. நேரத்துக்குச் சாப்பாடு. கிடைக்கிறதைப் பிடிச்சுக்கோ. ரெண்டு படகுல கால் வைக்கிற வயசா இது?"

இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். கையில் இருந்ததை வைத்துப் பார்த்தால் அது சரியான யோசனை. அவனும் தலையாட்டிவிட்டு, வெள்ளிக்கிழமை போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றான்.

வியாழக்கிழமை மத்தியானம், நோயாளி ஒருவரை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு, ரயில் பாதைக்குக் கீழே போகும் சுரங்கப்பாதை வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தான். நடுவில் ஒரு சிமெண்ட் லாரி அச்சு முறிந்து உட்கார்ந்துவிட்டது. முன்னால் லாரி, பின்னால் பஸ், இரண்டு பக்கமும் சுவர். உலகத்திலேயே சந்து இல்லாத ஒரே தெருவில் என் தம்பி மாட்டிக்கொண்டான்.

ஹாரன் அடித்தான். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த உதவியாளன் சொல்லிப் பார்த்தான்.

"அண்ணே, வண்டி காலி. யாரைக் காப்பாத்தப் போறீங்க?"

"சும்மா உட்கார முடியலடா."

"அப்ப உங்க கணக்கையாவது போடுங்க. நாளைக்கு அதுக்குக் கருமாதிதானே?"

புத்தகம் வீட்டில் இருந்தது. ஒரே ஒரு கணக்கு மட்டும் மனப்பாடமாக நினைவிருந்தது. பரீட்சையில் முதலில் வந்து அவன் மானத்தை வாங்கிய கணக்கு. இரண்டு குழாய்கள் சேர்ந்தால் ஒரு தொட்டியை ஆறு மணி நேரத்தில் நிரப்பும். தனியாக விட்டால் ஒன்றைவிட மற்றது ஐந்து மணி நேரம் அதிகம் எடுக்கும். ஒவ்வொன்றும் தனியாக நிரப்ப எவ்வளவு நேரம்?

ஆம்புலன்ஸில் போகிற உதவியாளர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. அகலமான வெள்ளைப் பிளாஸ்திரியைக் கிழித்துப் பேண்ட் தொடைமேல் ஒட்டிக்கொண்டு, நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் அதில்தான் குறிப்பார்கள். காகிதம் பறக்கும், தொடை பறக்காது. உதவியாளன் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டான். தம்பி சொல்லச் சொல்ல எழுதினான்.

மூன்றாவது வரியில் எக்ஸ் தன்னைத்தானே பெருக்கிக்கொண்டு வந்து நின்றது. அந்த இடத்துக்கு வந்ததும் தம்பி வழக்கம்போல, "சரி விடு, அடுத்த கணக்குக்குப் போவோம்," என்றான்.

"எது அடுத்த கணக்கு?"

தம்பி யோசித்துப் பார்த்தான். அடுத்த கணக்கு இல்லை. முன்னால் லாரி.

"அப்புறம் என்னண்ணே? எழுதணுமா, பிளாஸ்திரியை உரிச்சுடவா? உரிச்சா பேண்ட் நூலும் சேர்ந்து வரும்."

வேறு போக்கிடம் இல்லாமல் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்கப் பார்க்க அது கொஞ்சம் நகர்ந்தது. பின்னத்தை நீக்கினான். இந்தப் பக்கம் இருந்ததை அந்தப் பக்கம் தள்ளினான். இன்னொரு பிளாஸ்திரி தேவைப்பட்டது. கடைசியில் ஒரு குழாய்க்குப் பத்து மணி நேரம், மற்றதற்குப் பதினைந்து என்று வந்தது. மைனஸ் மூன்று என்றும் ஒரு விடை வந்தது.

"மைனஸ் மூணு மணி நேரம்னா, குழாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே தொட்டி நிரம்பிடுமாண்ணே?"

"அதைத் தூக்கிப் போடு. பத்து, பதினஞ்சு." போட்டுச் சரிபார்த்தான். சரியாக இருந்தது. லாரிக்காரர் வந்து, இன்னும் நேரமாகும், மன்னிக்கணும் என்றார். தம்பி இறங்கி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினானாம். அந்த மனுஷன் பயந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் நான் அவன் முதுகுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தபோது இதையெல்லாம் சொன்னான்.

"நான் எந்தக் கணக்குலயும் நின்னதே இல்லக்கா. கொஞ்சம் அடைச்சா வேற கணக்குல திரும்பிடறேன். வண்டி ஓட்டற மாதிரியே."

"ஒரு கணக்கு போட்டுட்டா ஆச்சா? அசையாதே. தோத்தா ஸ்டோரும் கிடையாது, தெரியுமில்ல?"

"தெரியும்."

"பொழைப்பு போயிடும்டா."

"தெரியும்கா. நாளைக்கு நான் போய்ச் சொல்லப் போறதில்ல."

நான் அவன் மனைவியைப் பார்த்தேன். அவள் வாயில் குண்டூசி. அதை எடுத்துவிட்டு, "விடுங்க அண்ணி. தோத்தா என்கிட்ட உட்கார்ந்து பட்டன் துளைக்குக் காஜா எடுக்கட்டும்," என்றாள். வெள்ளிக்கிழமை வந்தது, போனது. அவன் மாறவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்தது படிப்பு இல்லை, காவல். கணக்குப் புத்தகம் அவள் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் துணிக்கு அடியில் இருக்கும். அவள் ஒரு கணக்கை மட்டும் வாசிப்பாள். அது முடியும்வரை அடுத்தது கிடையாது.

"கொஞ்சம் அடுத்ததைப் படியேன். அப்புறம் இதுக்கு வரேன்."

"முதல்ல இது. எங்கிட்ட அரைக் கையோட யாராவது சட்டை வாங்கிட்டுப் போறாங்களா?"

"அரைக்கைச் சட்டைன்னே ஒண்ணு இருக்கு."

"ஒரு பக்கம் மட்டும் அரைக் கை இருக்காது. போடுங்க."

துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் எல்லாம் என்ன விடை வந்தது என்று கேட்டுவிட்டுப் போனார்கள். சில நாள் ஒரே கணக்கில் சாயங்காலம் முழுதும் போகும். எரிந்து விழுவான், எழுந்து நடப்பான், திரும்பி வந்து உட்காருவான். உட்கார்ந்தால் முதுகு வலிக்கும் என்பதால் நின்றுகொண்டு எழுத உயரமாகப் பலகை வைத்துக் கொடுத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

பரீட்சை அன்று வினாத்தாள் கைக்கு வந்ததும் ஆபத்து புரிந்ததாம். எல்லாக் கணக்கும் ஒரே தாளில், வரிசையாக, வா வா என்று கூப்பிட்டன. கைக்குட்டையை மடித்து, ஒரு கணக்கு மட்டும் தெரிகிற மாதிரி மேலே போட்டுக்கொண்டான். கண்காணிப்பாளர் வந்து கைக்குட்டையை உதறிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். நடுவில் கோபுரத்தின் உயரம் கேட்கும் கணக்கு ஒன்று அவனைப் பிடித்து நிறுத்தியது. சட்டை நனைந்தது. நகரவில்லை. அதை முடித்துவிட்டுத்தான் கைக்குட்டையை இறக்கினான். மணி அடித்தபோது கடைசிப் பகுதியைத் தொடவே நேரமில்லை.

"தொட்டதெல்லாம் முடிச்சிருக்கேன்," என்று மட்டும் வீட்டில் சொன்னான். விட்டது எவ்வளவு என்று நாங்களும் கேட்கவில்லை.

முடிவு வந்த அன்று பள்ளிக்கூட வாசலில் பலகையைப் பார்க்க அவன் மனைவிதான் முண்டியடித்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்து முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டாள். தம்பிக்கு முகம் செத்துவிட்டது.

"காஜா எடுக்க வேற ஆள் பார்த்துக்கறேன்," என்றாள்.

உயர்கணிதத்தில் தேர்ச்சி. முதல் மார்க் இல்லை, இரண்டாவதும் இல்லை. ஆனால் தேறுவதற்கு வேண்டியதைத் தாராளமாகத் தாண்டியிருந்தான். வாத்தியார் அவனைத் தேடி வந்து, "பொதுக்கணிதத்துக்கு மாறச் சொன்னேன். நல்ல வேளை, நீங்க கேட்கல," என்றார். தம்பி வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அவன் சிரிக்கிறானா அழுகிறானா என்று ஆராய எனக்கு நேரமில்லை. படி சில்லென்று இருந்தது, முதுகுக்கு ஆகாது. எழுப்பி நிறுத்தினேன்.

கண்ட்ரோல் ரூமில் சேர்ந்த முதல் வாரம், நாற்காலி எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போனேன். உயரம் சரியில்லை, முதுகுக்கு அணை இல்லை. அங்கேயே பொறுப்பாளரிடம் சொல்லி வேறு கொண்டுவர வைத்தேன். அதற்குள் மூன்று போன்கள் ஒன்றாக அடித்தன. சுவர் நிறைய ஊர்ப்படம் இருந்தது. தம்பி அதைத் திரும்பியும் பார்க்காமல், ஒரு வண்டியைச் சந்தைக்குப் பின்புறமாகத் திருப்பிவிட்டான், இன்னொன்றைப் பாலத்தடியில் போகச் சொன்னான், மூன்றாவதில் அழுதுகொண்டிருந்த யாரோ ஒரு அம்மாவிடம், "வண்டி உங்க தெருமுனைக்கு வந்தாச்சும்மா, கதவைத் திறந்து வைங்க," என்றான்.

புது நாற்காலி வந்தது. என்னைப் பார்க்காமலே அதற்கு மாறி உட்கார்ந்துகொண்டு அடுத்த போனை எடுத்தான்.