சந்தனத் தட்டு ஏந்தாத சாதனா

சோழனும் பல்லவனும் மலை மலையாகக் கல்லைக் குடைந்ததெல்லாம், சாதனா பிறந்து வரும்வரை பொழுது போக வேண்டுமே என்றுதான். பவானிபூர் வாடகை வீட்டில் தொட்டிலில் கிடந்தபோதே அவள் சுவரைப் பார்த்து, கோணல் என்று அழுதாளாம். கொத்தனார் வந்து நூல் பிடித்துப் பார்த்தால், கோணலேதான். இதற்குச் சாட்சி அவள் தம்பி கௌசிக். அவன் அப்போது பிறக்கவேயில்லை, அதனால் என்ன? பன்னிரண்டாம் வகுப்பை இரண்டு தடவை எழுதியவன், இதையும் அவன்தான் எழுதுகிறான். அவனைப் பற்றி இவ்வளவு போதும்.

சாதனா ஆர்க்கிடெக்சர் மூன்றாம் வருஷம். இந்தக் கோடை லீவில் டாலிகஞ்சில் ஒரு டிசைன் ஆபீசில் இன்டர்ன்ஷிப். முதலாளி ரஞ்சன்தா (பெங்காலியில் 'தா' என்றால் அண்ணா) முதல் நாளே அவள் பெயரைக் கேட்டார். அதைக் காதில் வாங்காமல், "தோசையா, இட்லியா?" என்றார். அன்றிலிருந்து அவள் இட்லி.

"இட்லி, பிரிண்ட் எடு."

"இட்லி, தெர்மகோல் வெட்டு."

பவானிபூரில் பிறந்து, பெங்காலியில் சண்டை போட்டு, பெங்காலியில் கனவு காண்கிறவள். தமிழ் அவளுக்கு வீட்டுச் சாப்பாட்டுக்கும் வீட்டுக் கோபத்துக்கும் மட்டும்தான். இருந்தாலும் இட்லி. தினமும் மெட்ரோவில் பல்லைக் கடித்துக்கொண்டே வீடு திரும்புவாள்.

ஜூன் பிறந்ததும் ஒரு வேலை வந்தது. பவானிபூர் கிளப் ஒன்றுக்கு துர்கா பூஜைப் பந்தல். இந்த வருஷத் தீம், தென்னாட்டுக் கோயில். ரஞ்சன்தா ஒரே நிமிஷத்தில் டிசைனை முடித்துவிட்டார்: வாசலில் கோபுரம், கோபுரத்தின் நெற்றியில் ஒரு கதகளி முகம், இரண்டு பக்கமும் தென்னை மரம்.

"கதகளி கேரளா, ரஞ்சன்தா. இந்தக் கோபுரம் தமிழ்நாடு."

"ஓய் ஏகி ஹோலோ." எல்லாம் ஒன்றுதானாம்.

"அப்ப ரசகுல்லா ஒடிசாவோடதுன்னு நான் சொல்லட்டுமா?"

ரசகுல்லா விஷயத்தில் அந்த ஊரில் விளையாடக் கூடாது. ரஞ்சன்தா சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "அவ்வளவு தெரியும்னா நீயே ஒண்ணு போட்டுக் காட்டேன்" என்றார்.

போட்டாள். பந்தல் போடுகிற சந்தில் போய் நின்று பார்த்தாள். ரெண்டு ரிக்‌ஷா எதிரெதிரே வந்தால் முட்டிக்கொள்ளும் அகலம்; நீளமோ நீளம். கோபுரம் வைத்தால் அண்ணாந்து பார்க்கக்கூட இடமில்லை. சின்ன வயதில் ராமேஸ்வரம் போனது அவளுக்கு ஞாபகம் வந்தது. வெளியே கால் பொசுங்கும். பிராகாரத்துக்குள் கால் வைத்தால் கல் சில்லென்றிருக்கும். தூண், தூண், தூண். எங்கேயோ கடைசியில் ஒரு சின்ன வெளிச்சம். சந்தே பிராகாரம்! துர்கை சந்தின் கோடியில் ஒரு விளக்களவு தெரிவாள். நடக்க நடக்கப் பெரிதாவாள். தூணுக்குத் துணிக்கடைகளில் தூக்கிப் போடுகிற அட்டைக் குழல்களே போதும்.

விரலெல்லாம் ஃபெவிகால் காய மாடல் செய்து வைத்தாள். ரஞ்சன்தா குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லாருக்கு, இட்லி" என்றார். பிறகு மாடலைத் தூக்கித் தன் அறையில் வைத்துக்கொண்டார்.

"நாளைக்குக் கமிட்டி வருது. நீ காஞ்சீவரம் பட்டு கட்டிட்டு, தலை நிறையப் பூ வெச்சிட்டு வா. வாசல்ல சந்தனத் தட்டோட நின்னு எல்லாரையும் வரவேற்கணும். ஒரு அசல் டச் இருக்கும்."

"மாடலைப் பத்தி நான் பேச வேண்டாமா?"

"உள்ள நான் பேசிக்கறேன்."

வீட்டில் அம்மா கோமதிக்குத் தலைகால் புரியவில்லை. பீரோவிலிருந்து தன் கல்யாணப் புடவையை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். சாதனா அதைக் கட்டிலில் வீசினாள்.

"ஏண்டி, பட்டுப் புடவை கட்டிக்கறதுக்கா இவ்வளவு கோவம்?"

"புடவைக்கு இல்லம்மா. தட்டுக்கு."

"அக்கா, சந்தனத்துல கொஞ்சம் மொளகாப்பொடி கலந்துண்டு போயேன்" என்றான் கௌசிக்.

"நீ வாய மூடு. எனக்கு அவன் முகத்துல எரியணும்னு இல்ல. நான் போட்டத நான் பேசணும். அவ்வளவுதான்."

மறுநாள் அவள் தினமும் போடுகிற நீலக் குர்த்தாவோடு போனாள். ரஞ்சன்தாவின் முகம் கறுத்தது. "அப்ப ரிசப்ஷன்லயே உட்காரு" என்றார். கமிட்டி வந்தது; கண்ணாடிக் கதவு சாத்திக்கொண்டது. அவள் மாடலின் நெற்றியில் ரஞ்சன்தா கதகளி முகத்தை ஒட்டி வைத்திருந்தது கதவு வழியே தெரிந்தது. அவள் செய்த தூண்களை அவர் தன் பேனாவால் தட்டித் தட்டி விளக்கிக்கொண்டிருந்தார். சாதனாவுக்குக் காது மடலெல்லாம் கொதித்தது. தம்பிக்கு ஒரு மெசேஜ் போட்டாள்: 'உள்ள ஆரம்பிச்சுட்டான். நான் வெளில நாற்காலிக்குக் காவல்.'

கடவுள் சில சமயம் டெலிபோனில் வருவார். ரிசப்ஷனில் மணி அடித்தது; ரஞ்சன்தா வெளியே வந்து எடுத்தார். அலிப்பூர் கோவிந்தராஜன் பேசுகிறாராம். துறைமுகத்தில் பெரிய ஆபீசராக இருந்து ரிட்டயர் ஆனவர், அந்தக் கிளப்புக்கு அள்ளிக் கொடுக்கிறவர் என்று தன்னைப் பற்றித் தானே சொன்னார். இருமலுக்கு நடுவே தமிழ் வாடை வீசும் பெங்காலி. மாடல் செய்தது ஒரு தமிழ்ப் பெண்ணாமே, அவள் வாயால் விளக்கினால்தான் இந்த வருஷம் தன் நன்கொடை என்று போனை வைத்துவிட்டார். ரஞ்சன்தா ரிசீவரை வைத்துவிட்டுக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "வா, இட்லி" என்று கூப்பிட்டார்.

சாதனா உள்ளே போனாள். முதல் வேலையாகக் கதகளி முகத்தைப் பிய்த்து ரஞ்சன்தா கையில் கொடுத்தாள். "கேரளாப் பந்தல் வரும்போது வெச்சுக்குங்க." அப்புறம் பெங்காலியில் பொரிந்து தள்ளினாள்.

"மழை வந்தா அட்டை ஊறிடாதா?" என்றார் கிளப் செகரெட்டரி.

"மேல தார்ப்பாய், அடியில செங்கல், அட்டைக்கு மெழுகு."

"சந்து முழுக்க இருட்டா இருக்குமே?"

"இருக்கணும். அப்பதான் அம்மா முகம் தெரியும்."

செகரெட்டரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது யாரோட யோசனை?"

"நாங்க டீமா..." என்று ஆரம்பித்தார் ரஞ்சன்தா.

"என்னோடது" என்றாள் சாதனா.

பந்தல் அவள் போட்டபடியே என்று முடிவானது. இவ்வளவையும் கௌசிக் எழுதி, பெருமையாக அவளிடம் நீட்டினான். அவள் கட்டிலில் கவிழ்ந்து படுத்துக்கொண்டு படித்தாள். சிரிக்கவில்லை.

"டேய், அந்தக் கோவிந்தராஜனுக்கு என்ன வயசு?"

"எண்பது இருக்கும்."

"எண்பது வயசு மனுஷன் நம்ம அம்மா போன்லேர்ந்தா பேசுவார்? ரிசப்ஷன் போன்ல நம்பர் தெரியும்டா, மக்கு."

கௌசிக்குக்குத் திடீரென்று தொண்டையில் நிஜமாகவே இருமல் வந்தது.

"மணி அடிச்சப்போ என் கை கதவுப் பிடியில இருந்தது. நான் உள்ள போயிண்டிருந்தேன், யார் சொல்லியும் இல்ல. இப்போ அந்தாள் ஆபீஸ் பூரா என்ன சொல்லிண்டு திரியறான் தெரியுமா? கோவிந்தராஜன் பாபு கேட்டுண்டதால அந்தப் பொண்ண உள்ள விட்டேன்னு!"

"உனக்காகத்தான்க்கா..."

"தெரியும். அதனாலதான் இன்னும் உன்ன அடிக்கல." அவள் பேப்பரை அவன் மடியில் போட்டு, ஒரு வரியின் மேல் நகத்தால் அழுத்திக் கோடு கிழித்தாள். "கதவத் திறந்து கூப்பிட்டார்னு எழுதியிருக்கியே. நீ அங்க இருந்தியா?"