இடப்பக்கத்தார் வீட்டில் மத்தியானச் சாப்பாடு

அந்த ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு எங்கள் ஊரில் அநேகமாக ஒரு வீட்டிலும் ஆள் இல்லை. பிழை அப்போதுதான் தொடங்கியது.

காரணம் காலைப் பிரசங்கம். நற்கருணை வாங்க எல்லோரும் ஒரே வரிசையில் வருகிறோம், வீட்டுக்குப் போனதும் கேற்றைப் பூட்டிவிட்டு ஆளுக்கொரு ஃபோனுடன் மூலைக்குப் போய்விடுகிறோம் என்றார் ஃபாதர். வழக்கமாகக் கேட்பதுதானே என்று நாங்கள் அசையாமல் இருந்தோம். அவர் பீடத்தை விட்டு இறங்கி நடுவில் வந்து நின்றார்.

"இண்டைக்கு மத்தியானம் உங்களுக்கு இடப்பக்கத்தில இருக்கிறவற்ற வீட்ட போய்ச் சாப்பிடுங்கோ. திரும்பிப் பாருங்கோ, ஆரெண்டு!"

கோயில் முழுக்கச் சிரிப்பு. என் இடப்பக்கத்தில் தபால் கந்தோரில் வேலை செய்யும் பெண் இருந்தார். முகம் தெரியும், பெயர் தெரியாது.

"வாறன்" என்றேன்.

"ஓம், வாங்கோ வாங்கோ" என்றார், தன் இடப்பக்கம் திரும்பிக்கொண்டே.

எங்கள் கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் மறுபக்கம், மறைக்கல்விப் பிள்ளைகள் முன்னால் பாயில். ஆகவே ஒரே வீட்டுக்காரருக்கு ஆளுக்கொரு இடப்பக்கம். இதை ஃபாதரும் யோசிக்கவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை. வெறுங்கையோடு போவது வழக்கமில்லை என்பதால் வீட்டுக்கு வீடு கறி கொதித்தது. நான் கணவாய்க் கறியுடன் நடந்தேன். என் கணவர் இறால் பொரியலை மோட்டார் சைக்கிளில் கொழுவிக்கொண்டு மற்றப் பக்கம் போனார். பதினொரு வயது மகள் அவருடன் போகிறாள் என்று நான் நினைத்தேன். என்னுடன் வருகிறாள் என்று அவர் நினைத்தார்.

தபால் கந்தோர்ப் பெண்ணின் கேற்றில் பூட்டு. அவர் தன் இடப்பக்கத்தாரிடம் போய்விட்டார், அந்த இடப்பக்கத்தார் இன்னொருவரிடம். தலைமன்னார் பஸ் ஓடும் றோட்டுக்கு வந்தால் ஊரே சட்டியும் கையுமாக நிற்கிறது.

"எல்லாரும் விருந்தாளியெண்டா வீட்டுக்காரர் ஆர்?" என்று கேட்டார், நண்டுச் சட்டியைச் சுமந்து நின்ற, சொந்தப் படகுகள் வைத்திருக்கும் சம்மாட்டியார்.

"உங்கட வீட்டதான் சம்மாட்டியார் நான் போனனான். நாய் மட்டும்தான் வாங்கோ எண்டது" என்றார் ஒருவர்.

"என்ர வாசலில ஆரோ பசியோட நிக்கினமாம். பூட்டுத் திறப்பு இவரிட்ட. இவர் எங்கயெண்டு கடவுளுக்குத்தான் தெரியும்!" என்று கத்தினாள் ஒரு புதுப்பெண்.

கண்ணில் நீர் வரச் சிரித்தேன். கணவாய்க் குழம்பு சேலையில் சிந்தியது. அப்போது என் கணவர் வந்து சேர்ந்தார். பொரியல் பை அப்படியே தொங்கியது. பின் இருக்கை வெறுமை.

"பிள்ளை எங்க?" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டோம்.

எனக்குக் கடல் நினைவுக்கு வந்தது, பிறகு பஸ். கால் ஓடவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டு நின்றவர்கள் ஓடினார்கள். சட்டிகளைக்கூடக் கீழே வைக்காமல் சிலர் கரைக்கு, சிலர் பள்ளிக்கூட வளவுக்கு. நான்கு வருடமாக இந்த ஊரில் இருக்கிறோம். என் மகளின் பெயர் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் ஊருக்குத் தெரிந்தது. தெருத் தெருவாக அதைக் கூவினார்கள்.

ஃபாதர் வியர்த்து வழிந்தபடி வந்தார். "பிழை என்ரதான் அம்மா. அடுத்த கிழமை வலப்பக்கம் எண்டு சொல்லுறன்."

"ஃபாதர், கதைக்காமத் தேடுங்கோ!" என்றார் சம்மாட்டியார். அழுதுகொண்டிருந்த நான் அதற்கும் சிரித்துவிட்டேன்.

எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பியபோது எதிரே ஒரு பெண் வந்தார். எங்கள் வீட்டுக்கு இடப்பக்க வீட்டுக்காரர். அவர் விடியற்கால முதல் பூசைக்குப் போகிறவர், நாங்கள் இரண்டாம் பூசை. ஒருநாளும் கதைத்ததில்லை. அவர் கையைப் பிடித்தபடி என் மகள், வாயைச் சுற்றி எண்ணெய் மினுங்க.

"பாயில நான்தானே கடைசி, எனக்கு இடப்பக்கம் சுவர்தான் இருந்தது" என்றாள் அவள். "அதான் எங்கட வீட்டுக்கு இடப்பக்கம் ஆரெண்டு பாத்துப் போனனான்."

அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அந்தப் பெண் எங்களையும், பின்னால் சட்டிகளோடு மூச்சு வாங்கிய கூட்டத்தையும், கடைசியில் நின்ற ஃபாதரையும் பார்த்தார்.

"உங்கட பிரசங்கம் ஒண்டும் எனக்குத் தெரியாது. பிள்ளை கேற்றைத் தட்டினா, சோறு குடுத்தன். ஏன் றோட்டில நிக்கிறியள்? கறி உங்களிட்டக் கிடக்கு. நான் பெரிய பானையில உலை வைக்கிறன், உள்ள வாங்கோ."