உள்ளூர்க்காரிக்கு அறை இல்லை

கருங்கல் ஊர்க்காரி ராகேல் இருபத்தொரு வருஷம் சவுதியில் நர்ஸ் வேலை பார்த்தவள். தீவிர சிகிச்சைப் பிரிவில் பெரும்பாலும் நைட் டியூட்டி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேலையை முடித்து ஊருக்கு வந்து ஒரு வருஷம் ஆனபோது அவளுக்கு ஐம்பது வயது. வந்ததிலிருந்து தெருவில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அவள் வீட்டுக் கதவைத்தான் தட்டினார்கள். ஊசி போட, சுகர் பார்க்க, ரிப்போர்ட் வாசித்துச் சொல்ல.

மூன்று நாள் எங்கேயாவது போய்ச் சும்மா படுத்துக்கிடக்க வேண்டும் என்று தோன்றியது. கன்னியாகுமரியில் மகாராஜா காலத்துப் பங்களா ஒன்றை ஹோட்டலாக மாற்றியிருந்தார்கள். உயரமான தூண்கள், தேக்குப் படிக்கட்டு, கடலைப் பார்த்த பால்கனி. போனில் படத்தைப் பார்த்ததுமே பதிவு செய்தாள். நாற்பது கிலோமீட்டர் தூரந்தான். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் இரண்டு தடவை போய் அன்றைக்கே திரும்பியிருக்கிறாள். ஒரு ராத்திரி தங்கியதில்லை.

வரவேற்பில் இருந்த மேனேஜர் மகேஷ்குமார் ஆதார் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கருங்கல்லா மேடம்? கூட யாரு வாறா?"

"யாரும் வரல்ல. நான் மட்டுந்தான்."

"லோக்கல் அட்ரஸுக்கு ரூம் குடுக்கதில்ல மேடம். அதும் லேடீஸ் தனியா வந்தா..."

"நான் புக் பண்ணியாச்சுல்லா?"

"லோக்கல் ஆளான்னு ஆன்லைன்ல தெரியாது. தப்பா நெனைக்காதீங்க. பக்கத்துல வீடு இருக்கப்பட்டவங்க தனியா வந்து ரூம் போட்டு, ஏதாவது செஞ்சுகிட்டா எங்களுக்குத்தான் கேஸு."

ராகேலுக்கு முகம் சூடேறியது. "இருபத்தொண்ணு வருஷம் சாகக் கெடந்தவங்கள உசிரோட வீட்டுக்கு அனுப்புனவ நான். நான் சாகவா இங்க வந்தேன்?"

அவர் குனிந்து கம்ப்யூட்டரைப் பார்த்தார். ராகேல் பெட்டியை இழுத்துக்கொண்டு வெயிலில் இறங்கினாள். அடுத்த லாட்ஜில் அதே பதில். அதற்கடுத்ததில் அட்டையைக் கையில்கூட வாங்கவில்லை. அவளுக்குப் பின்னால் வந்த வடநாட்டுக் குடும்பத்துக்குச் சாவியை எடுத்துக் கொடுத்தார்கள். கால் வலிக்கப் பழைய இடத்துக்கே திரும்பியபோது மகேஷ்குமாருக்கும் கொஞ்சம் சங்கடமாகிவிட்டது. வீட்டு ஆண்கள் யாராவது வந்து கையெழுத்துப் போட்டால் தரலாம் என்றார்.

வேறு வழி தெரியாமல் தம்பி ஜெப்சனைக் கூப்பிட்டாள்.

"வீட்டுல என்ன கொற ஒனக்கு? லாட்ஜு எதுக்குக்கா?"

"வந்து ஒப்பு போட்டுட்டுப் போ மக்கா. வேற ஒண்ணும் கேக்காத."

இரண்டு மணி நேரத்தில் ஜெப்சன் காரில் வந்தான். மனைவி சஜிதா, இரண்டு பிள்ளைகள், பாய், தலையணை, ஒரு வாளி நிறையக் கப்பக்கிழங்கும் மீன்கறியும். பதிவேட்டில் தங்குபவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதி, ஆட்கள் ஐந்து என்று போட்டான்.

"வந்தது வந்தாச்சு. பிள்ளியளும் ஒருநாள் கெடக்கட்டும்" என்றாள் சஜிதா.

பால்கனிக் கம்பியில் ஈரத் துண்டுகள் தொங்கின. டிவி சத்தத்தில் அலைச் சத்தம் கேட்கவில்லை. கட்டிலில் சஜிதாவும் பிள்ளைகளும் படுத்தார்கள். ராகேலுக்குப் பாய் கிடைத்தது. காலையில் சூரியன் மேகத்துக்குள்ளேயே இருந்து மேலே போய்விட்டது. கடல் கொந்தளிப்பு என்று பாறைக்குப் போகும் படகையும் நிறுத்திவிட்டார்கள். அதற்கும் ஜெப்சன் அவளிடந்தான் அலுத்துக்கொண்டான்.

சாப்பிட்டு வந்ததும் அவன் பெட்டிகளை எடுத்துக் காரில் வைக்க ஆரம்பித்தான்.

"எனக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்குல்லா?"

"அத கேன்சல் பண்ணியாச்சுக்கா. ஒன்ன ஒத்தைக்கு விட்டுட்டுப் போனா ஊருல என்னத்தச் சொல்லுவாவ?"

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"கேக்கதுக்கு என்ன இருக்கு?"

அவள் நேராக வரவேற்புக்குப் போனாள். "ரூம் சார் பேர்லல்லா இருக்கு மேடம்" என்றார் மகேஷ்குமார்.

ராகேல் வெளியே வந்தாள். காரின் டிக்கியைத் திறந்து தன் பெட்டியை எடுத்தாள். ஜெப்சன் பின்னாலேயே வந்தான். சஜிதா "மைனி, மைனி" என்று கூப்பிட்டாள். அவள் ஒரு ஆட்டோவை நிறுத்தி ஏறினாள். அந்த ஆட்டோவுக்குள்தான், அடக்கிவைத்த அழுகை வந்தது. துக்கத்தில் அல்ல, ஆத்திரத்தில்.

ஸ்டேஷனில் கேரளத்துக்குப் புறப்படத் தயாராக ஒரு ரயில் நின்றது. வர்க்கலையில் இறங்கினாள். அங்கே குன்றின் மேலிருந்த விடுதியில் அதே ஆதார் அட்டையை வாங்கிப் படமெடுத்துக்கொண்டு, மறுபேச்சில்லாமல் சாவியைக் கொடுத்தார்கள். எல்லை தாண்டிவிட்டதால் அவள் வெளியூர்க்காரி. கூட யார் வருகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

கடல் நன்றாகத்தான் இருந்தது. இரண்டு நாளும் பத்து மணி வரை தூங்கினாள். ஆனால் விழித்திருந்த நேரமெல்லாம் அந்தத் தேக்குப் படிக்கட்டும் பதிவேட்டில் தம்பி எழுதிய பெயருமே மனசை அறுத்துக்கொண்டிருந்தன. ஆசைப்பட்டது இந்தக் கடலுக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஜனங்கள் வீடு திரும்புகிற நேரத்தில் ராகேல் பெட்டியோடு கருங்கல்லில் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். அவள் வீட்டு கேட்டுக்கு முன்னால் ஜெப்சன் நின்றுகொண்டிருந்தான்.

"எங்க போன? ஆளுவ என்னயப் பிடிச்சிக் கேக்குவாவ."

"லீவுக்குப் போனேன்."

அவள் அவனைத் தாண்டிப் போய்க் கதவைத் திறந்தாள். அவள் சவுதியிலிருந்து வந்த நாள் முதல் தம்பியிடம் இருந்த, அந்த வீட்டின் இன்னொரு சாவியைக் கேட்டுக் கையை நீட்டினாள். அவன் தன் சாவிக்கொத்திலிருந்து அதைக் கழற்றிக் கொடுத்தான்.