செருப்பைக் கழற்றிய தேர்தல்கள்

தேர்தல் வந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கொடியோ சின்னமோ அல்ல. மாமா கழற்றிக் கையில் பிடித்திருந்த ரப்பர் செருப்புதான். வெண்ணந்தூர்ப் பக்கத்திலுள்ள எங்கள் ஊரில் சுடுகாட்டுக்குப் போக ஓர் ஓடையைக் கடக்க வேண்டும். ஜவ்வரிசி ஆலையின் கழிவுநீர் சேர்வதால் கோடையிலும் அது வற்றாது. நாற்றம் குடலைப் பிடுங்கும். பாடை தூக்குகிறவர்கள் முழங்கால் சேற்றில் தடுமாறுவார்கள். ஒரு சின்னப் பாலம், அவ்வளவுதான் ஊர் கேட்டது.

மாமா ஒரு கட்சியின் கிளைச் செயலாளர். பஞ்சாயத்துத் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. அதனால் கரைவேட்டியை மடித்து வைத்துவிட்டு, பூட்டு சாவிக்கோ சீப்புக்கோ ஓட்டுக் கேட்பார். தலைவருக்கு நிற்பவரை முதலில் ஓடைக்குத்தான் கூட்டிவருவார். செருப்பைக் கழற்றிக்கொண்டு, "இறங்குங்க சாமி, அந்தப் பக்கம் போயிட்டு வந்து ஓட்டுக் கேளுங்க" என்பார். அடுத்த நாள் எதிரணிக்காரரும் வந்து இறங்குவார். ஜெயித்த பிறகு எல்லோரும், பாலத்துக்குப் பணம் மேலிருந்துதான் வர வேண்டும் என்று கையை விரித்தார்கள்.

நாடாளுமன்றம் என்று மேலே போகிறவர்களுக்கு ஓட்டுக் கேட்கும்போதோ மாமா ஆளே மாறிவிடுவார். வேன் தார்ச்சாலையை விட்டு இறங்காது. மைக்கில் நாட்டின் எல்லை, வல்லரசு, அடுத்த பிரதமர் யார் என்பதுதான் பேச்சு. "ஏனுங்க, பாலம் என்னாச்சுங்க?" என்று பெண்கள் கேட்டால், "அது பஞ்சாயத்து எலெக்சன்ல பேசற சமாச்சாரம் சாமி. இது டெல்லிக்கு" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"டெல்லியில செத்தவங்களையா மாமா நாம தூக்கிட்டுப் போறோமுங்க?" என்று ஒருமுறை கேட்டே விட்டேன். "போ மாப்ளே" என்று சிரித்தார். கட்சி சொல்லிக் கொடுத்ததைத்தான் சொன்னார், தெரியும். ஆனாலும் அந்த மைக்கில் ஒரே ஒருமுறை ஓடையைப் பற்றிப் பேசியிருக்கலாமே என்று இன்றும் எனக்கு மனசு ஆறவில்லை.

பாலம் இன்னும் வரவில்லை. போன நாடாளுமன்றத் தேர்தல் பிரச்சாரத்தின் நடுவில் மாமா போய்ச் சேர்ந்தார். கட்சிக் கொடி போர்த்தித் தூக்கிப் போனோம். வேட்பாளர் ஓடை வரைக்கும் நடந்து வந்தார். பண்பான மனிதர், குறை சொல்ல முடியாது. சேற்றில் ஒருவருக்குக் கால் வழுக்கியது. பாடை சாய்ந்து, கொடியின் ஓரம் கழிவுநீரில் முங்கியது. ஐயோ என்று கத்திவிட்டேன்.

"இப்பவாச்சும் இந்தப் பாலத்தைப் பத்தி மைக்கில ஒரு வார்த்தை பேசுங்க" என்று வேட்பாளரிடம் கேட்டேன். அவர் என் தோளைத் தொட்டு, "உள்ளாட்சித் தேர்தல்ல பாத்துக்கலாமுங்க" என்றார். செருப்புக் காலோடு கரையிலேயே நின்றுகொண்டார். மாமா உயிரோடு இருந்திருந்தாலும் அவரை இறங்கச் சொல்லியிருக்க மாட்டார். அது டெல்லித் தேர்தல்.