நொச்சி ஓடைப் பாதையில் ஏழு மைல்

காலை ஆறரை மணிக்குத் திண்டுக்கல் பஸ் நிலையத்துக்குப் பின்புறம் உள்ள வாடகை சைக்கிள் கடையில் நின்றேன். ஆண்கள் சைக்கிளுக்கு நாள் வாடகை ஒரு ரூபாய். பெண்கள் ஓட்டுகிற சைக்கிள் அந்தக் கடையில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதற்கு ஒன்றேகால் ரூபாய்.

"கால் ரூபாய் எதுக்குக் கூட?" என்று கேட்டேன்.

"ஒண்ணே ஒண்ணுதான டீச்சர் இருக்கு" என்றார் கடைக்காரர். "அதையும் வருசத்துல ரெண்டு பேருதான் கேக்குறாக. செயின் கவர் கெடையாது. சேலையப் பாத்துக்கிடுங்க."

பெண்களுக்கு எது குறைவாக இருக்கிறதோ அதற்கு விலை மட்டும் கூடுதல். அன்றைய நாளின் முதல் எரிச்சல் அது. வாதாட நேரமில்லாமல் பணத்தைக் கொடுத்துவிட்டு ஏறினேன்.

எங்கே போகிறேன், எதற்குப் போகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். நொச்சி ஓடை சிறுமலை அடிவாரத்தில் தொடங்கி, சின்னாளபட்டியை ஒட்டி வந்து, வடக்கே திண்டுக்கல்லின் தோல் பதனிடும் ஷாப்புகளுக்குப் பின்னால் ஓடுகிறது. அதன் கரையோடு, நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் மட்டுமாக ஒரு பாதை போடத் தீர்மானித்தார்கள். மதுரை ரோட்டில் லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கியே போய்க்கொண்டிருந்த ஜனங்களுக்கு அது பெரிய ஆறுதல். நகரசபையார் தங்கள் எல்லை வரை போடுவது, அதற்கு அப்பால் ஒவ்வொரு பஞ்சாயத்தும் தன் எல்லைக்குள் போட்டு நீட்டிக்கொண்டே போவது என்று ஏற்பாடு. இந்தப் பங்குனியில் எல்லாம் முடிந்துவிட்டது என்று மேளம் கொட்டித் திறப்பு விழாவும் நடத்தினார்கள்.

நான் ஆசிரியையாக இருக்கும் ஆலங்கரைப்பட்டி இந்தப் பாதையின் நடுவே இருக்கிறது. அங்கே எட்டாம் வகுப்பு வரைதான் உண்டு. இந்த வருஷம் பேச்சியம்மாள் என்ற பெண் எட்டாவதில் முதலாவதாகத் தேறினாள். மேலே படிக்க வேண்டுமானால் மூன்று மைல் தெற்கே சின்னாளபட்டி உயர்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும். அவள் அப்பா மாயாண்டி மல்லிகைத் தோட்டம் வைத்திருப்பவர். அவர் என்னிடம் நேராகவே சொன்னார்: "ரோட்டு வழியா லாரிக்கு நடுவுல எம் மகள விடமாட்டேன் டீச்சர். ஓடைப் பாதையப் பத்தி ஆளுக்கொண்ணு சொல்றாக. முழுசா இருக்கான்னு நீங்களே போயிப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. இருக்குன்னா ஜூன் மாசம் அனுப்புறேன். இல்லைன்னா ஆவணியில அவ தாய்மாமனுக்குக் குடுத்துருவேன்."

ஆகவே இந்தப் பயணம் இயற்கைக் காட்சி பார்க்கப் போனதல்ல. ஒரு பெண் ஒன்பதாம் வகுப்பில் உட்காருவாளா, மணவறையில் உட்காருவாளா என்று பார்த்துவரப் போனது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். பூட்டுப் பட்டறையில் அரம் பிடிக்கும் என் அப்பாவுக்கு, திண்டுக்கல்லில் நடந்தே போகும் தூரத்தில் பள்ளிக்கூடம் இருந்தது. அந்தத் தூரம் மூன்று மைலாக இருந்திருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

முதல் அரை மைல் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போக வேண்டும். தோல் ஷாப்புகளின் கழிவு நீர் ஓடையில் கருப்பாக விழுகிறது. தோல் உலர்த்திக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், "ஏலே, மணி அடிக்குது, வழிவிடுங்கடா, கலெக்டரம்மா வாராக!" என்றார். சிரிப்பு எழுந்தது. நானும் இன்னொரு தடவை மணியை அடித்துவிட்டுப் போனேன்.

அதன் பிறகு பாதை நன்றாகவே இருக்கிறது, இல்லாததைச் சொல்லமாட்டேன். ஆறடி அகலம், சரளை போட்டு இறுக்கியிருக்கிறார்கள். மேற்குக் கரையில் நொச்சிப் புதர்கள், ஓரமெல்லாம் முள்வேலி கட்டிய புங்கங்கன்றுகள். மண்ணெண்ணெய் டின்னைத் தலையில் வைத்த பெண்களும், காய்கறிக் கூடையைக் கட்டிய சைக்கிள்களும் எதிரே வந்தன. மூன்றாவது மைலில் ஒருவர் என்னோடு சேர்ந்துகொண்டார். சின்னாளபட்டி நெசவாளர், பெயர் சுப்பிரமணி. திண்டுக்கல்லில் நூல் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிறவர். சைக்கிளின் பின்னால் நூல்கட்டு அவர் தலைக்கு மேலே நின்றது.

"பாதை முழுசாப் போகுதா அண்ணே?" என்று கேட்டேன்.

"போகுது டீச்சரம்மா. அந்தப் பக்கமும் போகுது, இந்தப் பக்கமும் போகுது. நாமதான் போக முடியாது" என்று சொல்லி மிதித்தார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

ஏழேமுக்கால் மணிக்கு ஆலங்கரைப்பட்டி. திண்டுக்கல்லிலிருந்து நாலு மைல். மாயாண்டி தோட்டத்தில் மொட்டுப் பறித்துக்கொண்டே கையை அசைத்தார். பேச்சி அவருக்குப் பின்னால் மடி நிறைய மொட்டோடு நின்றாள்; கையை அசைக்கவில்லை, என்னையே பார்த்தாள். ஊருக்குள் பாதை திரும்புகிறது. அதுவரை மேற்குக் கரையில் வந்தது, ஊர்த் தரைப்பாலத்தின் மேல் ஓடையைக் கடந்து கிழக்குக் கரைக்குப் போய்விடுகிறது. ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

கிழக்குக் கரையில் ஒரு மைல். பிறகு பாதை நின்றது.

நின்றது என்றால், தேய்ந்து மறையவில்லை. சுண்ணாம்பு அடித்த கல் நட்டு, திறப்பு விழா வளைவுக்கு ஊன்றிய மூங்கில்கள் இரண்டும் அப்படியே நிற்க, கம்பீரமாக நின்றது. மூங்கில்களுக்கு அப்பால் முள்வேலி, வேலிக்குள் தென்னந்தோப்பு. எதிரே, ஓடைக்கு அந்தப் பக்கம், மேற்குக் கரையில் இன்னொரு சுண்ணாம்புக் கல், இன்னும் இரண்டு மூங்கில். அது அடுத்த பஞ்சாயத்தான செங்குளம்பட்டியின் பாதை. சின்னாளபட்டியிலிருந்து அழகாக வந்து, அங்கே நிற்கிறது. நடுவில் முப்பது அடி ஓடை. பாலம் இல்லை. ஒரு பனந்தடி கூட இல்லை.

"விழா அன்னைக்கு நீங்க பாக்கணுமே" என்றார் சுப்பிரமணி. "ரெண்டு பஞ்சாயத்துக்கும் ஒரே முகூர்த்தம். ரெண்டு கரையிலயும் மைக் செட்டு. இவுக பேச்சு அவுகளுக்குக் கேக்குது, அவுக பேச்சு இவுகளுக்குக் கேக்குது. ரெண்டு பக்கமும் ஒத்துமையப் பத்தித்தான் பேசுனாக. ஒருத்தரும் தண்ணியில கால நனைக்கல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் வேட்டியை மடித்துக் கட்டி, நூல்கட்டை அக்கரையில் வைத்துவிட்டு வந்து சைக்கிளைத் தோளில் தூக்கினார். "வாங்க, இம்புட்டு நேரம் அது உங்களச் சொமந்துச்சு. இனி நீங்க சொமங்க."

கோடை மழையில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் இருந்தது. சேலை நனைய நானும் தூக்கிக்கொண்டு கடந்தேன். கோடையில் முழங்கால் என்றால், ஐப்பசியில் சிறுமலைத் தண்ணீர் இறங்கும்போது கழுத்து. பதின்மூன்று வயதுப் பெண் புத்தகப் பையோடு இதைக் கடப்பாளா?

சுப்பிரமணியை அனுப்பிவிட்டு, செங்குளம்பட்டிப் பஞ்சாயத்துத் தலைவரை அவருடைய அரிசி மில்லில் பார்த்தேன். உட்காரச் சொல்லி காபி வரவழைத்தார். மரியாதையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

"நீங்க ஏன் கிழக்குக் கரையில போடல?" என்றேன்.

"எங்க எல்லையில கிழக்குக் கரை பூராம் தோப்பும்மா."

"யாரு தோப்பு?"

"நம்மளுதுதான்" என்றார், கொஞ்சமும் கூசாமல். "தேங்கா விழுந்து யாரு மண்டையாச்சும் ஒடஞ்சா நாளைக்கு எம் மேலதான கேஸு? அதான் மேக்க போட்டேன். ஆலங்கரையாளுக மேக்கயே வந்திருந்தா நேரா வந்து சேந்திருக்கும். அவுகளுக்குத்தான் ஆகாது."

"ஏன் ஆகாது?"

"அவுக சுடுகாடு மேக்குக் கரையில இருக்குல்ல? ஊர்லேருந்து சுடுகாட்டுக்கு, அங்கேருந்து எங்க எல்லைக்கு, வண்டிப் பாதையே இருக்கு. பொணம் போற வழியில பொம்பளைக நடக்கக் கூடாதுன்னு கூட்டம் போட்டு முடிவு பண்ணாக. நானும் அந்தக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். உங்க மாயாண்டிதான் மொதல்ல கையத் தூக்குனது."

காபி டம்ளரைக் கீழே வைத்தேன். "சரி, பாலமாவது போடலாமே?" என்று கேட்டேன்.

"போடலாம். அவுக போடட்டும். ஓடையக் கடக்க வேண்டியவுக அவுகதான?"

அவர்களைக் கேட்டால் இவர் போடட்டும் என்பார்கள். இந்த நாட்டில் இப்போது அணைகள் கட்டுகிறார்கள், தொழிற்சாலைகள் கட்டுகிறார்கள். முப்பது அடி ஓடைக்கு இரண்டு தென்னை மரத்தைக் குறுக்கே போட, தோப்புச் சொந்தக்காரருக்கே மனம் வரவில்லை.

சின்னாளபட்டிப் பள்ளிக்கூடத்துக்கு ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தேன். விடுமுறைக்காகக் கதவு சாத்தியிருந்தது. ஜன்னல் வழியே ஒன்பதாம் வகுப்பைப் பார்த்தேன். பெஞ்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். தெருவெங்கும் சாயம் போட்ட சுங்குடிச் சேலைகள் காய்ந்தன. வேறொரு நாளாக இருந்தால் நின்று பார்த்திருப்பேன். கிளப்புக் கடையில் இரண்டு இட்டிலியும் ஒரு காபியும் சாப்பிட்டுத் திரும்பிவிட்டேன்.

திரும்பும்போது ஓடையைக் கடக்கவில்லை. செங்குளத்துக் கல்லைத் தாண்டி, மேற்குக் கரையிலேயே, பிணம் போகும் வழியில் சைக்கிளை விட்டேன்.

இருபுறமும் வேம்பு, தரை முழுக்க நிழல். எங்கும் மேடு, வெள்ளம் வந்தாலும் முங்காது. மழை பெய்கிறதென்று பிணத்தை வீட்டில் வைத்திருக்க முடியாதே என்று, ஊரார் நல்ல மேடாகப் பார்த்து என்றோ போட்ட வழி அது. நடுவில் சுடுகாட்டுக் கொட்டகை, கொஞ்சம் சாம்பல், உடைந்த கலயங்கள், ஓர் ஆடு. பயப்பட ஒன்றையும் நான் காணவில்லை. கோபம்தான் வந்தது. செத்துப்போனவர்களுக்கு எந்தக் காலத்திலும் தடையில்லாத ஒரு மைல் வழி. படிக்கப் போகிற பெண்ணுக்குப் பாதியில் நிற்கும் பாதை, அதற்கு ஒரு திறப்பு விழா!

நான் எந்தப் பக்கமிருந்து வருகிறேன் என்பதை ஊர் பார்த்துவிட்டது. மாயாண்டி வீட்டு வாசலில் இறங்குவதற்குள் அவர் மனைவி இரண்டு கையையும் நீட்டித் தடுத்தாள். "அங்கயே நில்லுங்க டீச்சரம்மா! தலைக்கு ஊத்தாம உள்ள வராதீக! பொட்டச்சி போற எடமா அது?"

"பாதை முழுசா இல்ல" என்று வாசலில் நின்றபடியே மாயாண்டியிடம் சொன்னேன். "நடுவுல ஓடை இருக்கு. அதுக்குக் காரணம் யாருன்னும் கேட்டுட்டு வந்துட்டேன். மொதல்ல கை தூக்குனவர் நீங்கதானாமே?"

அவர் முகம் கறுத்தது. "ஆமா, தூக்குனேன். எதுக்குத் தூக்குனேன்? இவளுக்காகத்தான் தூக்குனேன்!" என்று பேச்சியைக் காட்டினார். "வயசுக்கு வந்த புள்ள, தெனமும் சுடுகாட்ட மிதிச்சுட்டுப் பள்ளிக்கூடம் போவாளான்னுதான் தூக்குனேன். கெழக்க போட்டா அவுகளும் கெழக்க வருவாகன்னு நெனச்சேன். தோப்பு நெனப்பு வரல."

மகள் பள்ளிக்கூடம் போவதற்காகத் தூக்கிய கை, அவள் வழியை அடைத்துவிட்டது.

பேச்சி கிணற்றடியிலிருந்து ஒரு குடம் தண்ணீரோடு வந்தாள். எனக்கு ஊற்றத்தான் கொண்டுவருகிறாள் என்று அவள் அம்மா ஒதுங்கினாள். அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

"தலைக்கு ஊத்துனாத் தீட்டுப் போயிருமாப்பா?"

"போயிரும்."

"டீச்சருக்குப் போற மாதிரி எனக்கும் போயிரும்ல?"

"ம்."

"அப்ப நான் மேக்க வழியாவே போறேன். அங்க பள்ளிக்கூடத்துக் கெணத்துல ஒருக்கா ஊத்திக்கிறேன், சாயங்காலம் வந்து நம்ம கெணத்துல ஒருக்கா ஊத்திக்கிறேன். தண்ணிக்கு என்ன பஞ்சம்?"

"வெள்ளிக்கிழமை ஒரு நாள் தலைக்கு ஊத்தவே அழுவ, நீயா?" என்றாள் அம்மா. மாயாண்டி ஓடையின் பக்கம் பார்த்தார். பிறகு தலைத்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "மொத நாள் நானும் கூட வாரேன்" என்றார். "டீச்சருக்குத் தண்ணிய ஊத்து. சாப்பாட்டு நேரமாச்சு."

நான் தலையைக் குனிந்தேன். எனக்குத் தீட்டு என்று நான் நம்பவில்லை. ஆனால் அந்தக் குடத்தை மறுத்திருந்தால் அவள் பேச்சு செல்லாமல் போயிருக்கும். ஈரச் சேலையோடு உட்கார்ந்து கம்பஞ்சோறும் கத்தரிக்காய் வெஞ்சனமும் சாப்பிட்டேன்.

மாலை நாலு மணிக்குத் திண்டுக்கல் திரும்பி சைக்கிளை விட்டேன். பேச்சி ஜூன் மாதம் ஒன்பதாம் வகுப்பில் சேருவாள். இதைப் படித்துவிட்டு யாரும் கை தட்ட வேண்டாம். இரண்டு பஞ்சாயத்துகள் போடாத பாலத்துக்கு, ஒரு பெண் தினம் இரண்டு முறை தலை நனைக்கப் போகிறாள். ஐப்பசியிலும் மார்கழியிலும் நனைப்பாள். அவள் கூந்தல் இடுப்புக்குக் கீழே தொங்குகிறது. அது காய்வதற்குள் முதல் மணி அடித்துவிடும்.